பைத்தான் நிரல் திறக்கவே நேரம் பிடிக்கிறதா? லேபிலும் ஆபீஸிலும் படிப்படியாகச் சரிசெய்வது எப்படி

நிரலை டபுள் கிளிக் செய்கிறீர்கள். கறுப்பு ஜன்னல் வந்து நிற்கிறது. பத்து வினாடி, சில நாள் இருபது வினாடி, கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. மெனு வந்த பிறகு வேலை மளமளவென்று நடக்கிறது. வேலூர் கல்லூரி லேபில் உட்கார்ந்திருந்தாலும் சரி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஸ்டாக்கைச் சொந்த நிரலில் எழுதி வைக்கும் சிறிய ஆபீஸாக இருந்தாலும் சரி, இந்த அறிகுறி தெரிந்தால் குறை கணக்குப் போடும் பகுதியில் இல்லை. கோப்புகளை ஏற்றும் பகுதியில் இருக்கிறது. புது கம்ப்யூட்டருக்குக் காசு ஒதுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இன்னொரு கோப்பில் உள்ள நிரலைக் கொண்டுவர இம்போர்ட் என்று ஒரு வரி எழுதினால் இன்டர்பிரட்டர், அதாவது நிரலை ஓட்டும் பைத்தான், நான்கு வேலை செய்கிறது. அந்தப் பெயரில் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கிடைத்ததைப் படிக்கிறது. அதை பைட்கோடாக, அதாவது தான் ஓட்டக்கூடிய வடிவமாக, மாற்றுகிறது. பிறகு அந்தக் கோப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டுகிறது. மூன்றாவது வேலையை ஒருமுறை செய்து வட்டில் சேமித்துவைத்தால் மறுமுறை செய்ய வேண்டியதில்லை. பைத்தானே அப்படிச் சேமிக்கத்தான் பார்க்கும். மெதுவான கம்ப்யூட்டர்களில் ஏதோ ஒன்று அந்தச் சேமிப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும்; அல்லது தேடும் இடம் நீண்டிருக்கும்; அல்லது தேவையே இல்லாத மூட்டையை நிரல் ஒவ்வொரு முறையும் தூக்கிவரும். எது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் கீழே உள்ள வேலை முழுவதும்.

கட்டளைகளை, லேபில் ஒருவர் சொல்ல இன்னொருவர் தட்டுவது போலத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியமான இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேப் என்றால், பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி. எந்தெந்த சிஸ்டம் எண்ணில் மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 4, 7 ஆகிய படிகளுக்கு அட்மின் பாஸ்வேர்டு தேவைப்படும். வாய்வார்த்தை அனுமதி அங்கே போதாது. பிராக்டிகல் தேர்வு வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.

ஆபீஸ் என்றால், தரவுக் கோப்புகளின் நகல் ஒன்று வேறு வட்டில் இருக்க வேண்டும். எக்ஸெல், டேட்டாபேஸ் இரண்டும். கம்ப்யூட்டர் இன்னும் வாரன்டியில் இருக்கிறதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். 8-ஆம் படிக்கு அது வேண்டும்.

இருவருக்கும் பொதுவானது: பிப் என்பது பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை, நிறுவும் கருவி. அதன் 'பிப் ஃப்ரீஸ்' கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். இப்போது என்னென்ன பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்பதற்கு அதுதான் சான்று. ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் பட்டியல் இல்லாமல் முடியாது.

முதல் கம்ப்யூட்டருக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். முறை பிடிபட்டுவிட்டால் அடுத்தடுத்தவை சீக்கிரம் முடியும். 7-ஆம் படி வரை ஒரு ரூபாய் செலவில்லை.

1. முதலில் அளந்து எழுதிவையுங்கள்

'கொஞ்சம் வேகமாயிட்ட மாதிரி இருக்கு' என்பது அளவு அல்ல. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, மெஷர்-கமாண்ட் என்று தட்டி, நெளிவு அடைப்புக்குள் நிரலை ஓட்டும் கட்டளையைப் போடுங்கள். மொத்த வினாடியைக் காட்டும். லினக்ஸில் கட்டளைக்கு முன்னால் 'டைம்' போட்டால் போதும்.

இதில் ஒரு பொறி உண்டு. மெஷர்-கமாண்ட் நிரலின் வெளியீட்டை மறைத்துவிடும். உங்கள் நிரல் 'பெயரைக் கொடுங்கள்' என்று காத்திருந்தால் திரையில் எதுவும் தெரியாது. தொங்கிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் நிரலை முழுசாக ஓட்டாமல், ஏற்றுவதை மட்டும் அளங்கள்:

பைத்தான் -சி "இம்போர்ட் ஸ்டாக்"

'ஸ்டாக்' இருக்கும் இடத்தில் உங்கள் கோப்பின் பெயர் வரும். கூடவே ஒன்றும் செய்யாத நிரலையும் அளந்துகொள்ளுங்கள்: -சி, பிறகு மேற்கோளுக்குள் 'பாஸ்' என்ற ஒரே சொல். அதுதான் உங்கள் கம்ப்யூட்டரின் அடிமட்டம். அதற்குக் கீழே நிரல் போக முடியாது.

இரண்டு விதமாக அளக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தவுடன் முதல் தடவை ஒன்று. உடனே இரண்டாவது, மூன்றாவது தடவை இன்னொன்று. முதல் தடவை வட்டிலிருந்து படிக்கிறது. அடுத்த தடவை அதே கோப்புகள் ஏற்கெனவே மெமரியில் கிடக்கின்றன. முதல் தடவை 18 வினாடி, அடுத்தது 2 வினாடி என்று வந்தால் வட்டும் ஆன்டிவைரஸும்தான் சந்தேகத்துக்குரியவை: 7, 8 படிகள். இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு என்றால் பைட்கோடு சேமிப்பும் தேவையற்ற இம்போர்ட்டும்: 3 முதல் 6 வரை. லினக்ஸில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 'ரியல்' பெரிதாகவும் 'யூசர்' சிறிதாகவும் இருந்தால் பிராசஸர் சும்மா உட்கார்ந்து வட்டுக்காகவோ நெட்வொர்க்குக்காகவோ காத்திருக்கிறது என்று பொருள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கத்திரி நேரத்தில், ஏசி இல்லாத அறையில், தூசி அடைந்த ஃபேனோடு ஓடும் பிராசஸர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் மாற்றத்துக்கு முந்தைய அளவையும், மதியம் இரண்டு மணிக்குப் பிந்தைய அளவையும் எடுத்து ஒப்பிட்டால் செய்த நல்ல வேலையும் வீணாகத் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

2. எந்தக் கோப்பு நேரத்தைத் தின்கிறது?

பைத்தான் 3.7 முதல் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. பவர்ஷெல்லை விட்டு, கமாண்ட் ப்ராம்ப்டில் செய்யுங்கள்:

பைத்தான் -எக்ஸ் இம்போர்ட்டைம் -சி "இம்போர்ட் ஸ்டாக்" 2> நேரம்.டிஎக்ஸ்டி

எக்ஸ் பெரிய எழுத்து. அந்த 2 அவசியம். இந்த அறிக்கை வழக்கமான வெளியீட்டில் வராது, பிழை வெளியீட்டில் வரும். 2 இல்லாமல் '>' மட்டும் போட்டால் காலிக் கோப்புதான் கிடைக்கும்.

கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண், ஒரு பெயர் இருக்கும். முதல் எண் அந்தக் கோப்பு தனக்கென்று எடுத்த நேரம். இரண்டாவது எண், அது இழுத்துவந்த பிள்ளைகளின் நேரத்தையும் சேர்த்தது. இரண்டும் மைக்ரோ செகண்டில். 10 லட்சம் என்றால் ஒரு வினாடி. பிள்ளைகள் முதலிலும், அவர்களை இழுத்துவந்த தாய்க்கோப்பு அதற்குக் கீழேயும் வரும். பெயருக்கு முன்னால் உள்ள இடைவெளியைப் பார்த்து யார் யாருக்குக் கீழ் என்று பிடித்துக்கொள்ளலாம். எனவே கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள்.

புதியவர்கள் இங்கே இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, இரண்டாவது எண் வரிசையைக் கூட்டுவது. அதில் ஒரே நேரம் பலமுறை எண்ணப்பட்டிருக்கும். கூட்ட வேண்டுமானால் முதல் எண் வரிசையைக் கூட்டுங்கள். இரண்டாவது, பழி விழும் இடம். ஒரு கோப்பை முதலில் கேட்டவர் கணக்கில்தான் அதன் முழு நேரமும் ஏறும். ஏற்றியது மெமரியில் ஒரு பட்டியலில் இருப்பதால் அடுத்து கேட்பவருக்கு அது ஏறக்குறைய இலவசம். உங்கள் நிரலில் 'நம்பை' (எண் கணக்குக்கான பேக்கேஜ்) முதல் வரியிலும், அதைப் பயன்படுத்தும் 'பாண்டாஸ்' (அட்டவணைகளுக்கான பேக்கேஜ்) அடுத்த வரியிலும் இருந்தால், பாண்டாஸின் எண் குறைவாகத் தெரியும். நம்பை வரியை அழித்தால் நேரம் குறையாது, பாண்டாஸ் கணக்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பெரிய எண்ணாக வரும் ஐந்து பெயரை எழுதிவையுங்கள். மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். ஆயிரம் மைக்ரோ செகண்டைச் சேமிக்க ஒரு மாலையைச் செலவழிப்பது வீண்.

3. நேரடியாக ஓட்டும் கோப்பைச் சிறிதாக்குங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. இம்போர்ட் செய்யப்படும் கோப்புக்குத்தான் பைட்கோடு சேமிக்கப்படும். நீங்கள் நேரடியாகப் பெயர் சொல்லி ஓட்டும் முதல் கோப்புக்குச் சேமிப்பு கிடையாது. ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து புதிதாக மாற்றப்படும். ஐயாயிரம் வரியை ஒரே கோப்பில் எழுதி அதையே டபுள் கிளிக் செய்தால், தினமும் அந்த ஐயாயிரம் வரிக்கும் அதே வேலை திரும்ப நடக்கும்.

தீர்வு எளிது. அந்தக் கோப்பை ஸ்டாக்.பிஒய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கு.பிஒய் என்று புதிதாக ஒன்று உருவாக்கி, அதில் இரண்டே வரி: ஸ்டாக்கை இம்போர்ட் செய், ஸ்டாக்கில் உள்ள மெயின் ஃபங்ஷனைக் கூப்பிடு. இனி டபுள் கிளிக் தொடங்கு கோப்புக்கு.

பழைய கோப்பின் அடியில் 'இஃப் நேம் ஈக்வல்ஸ் மெயின்' என்ற நிபந்தனைக்குள் நீளமாக எழுதியிருந்தால், இம்போர்ட் செய்யும்போது அந்தப் பகுதி ஓடாது. நிரல் சத்தமில்லாமல் திறந்து மூடிவிடும். அதை எல்லாம் ஒரு மெயின் ஃபங்ஷனுக்குள் நகர்த்தினால் சரியாகிவிடும்.

4. பைட்கோடு உண்மையிலேயே சேமிக்கப்படுகிறதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் உண்டென்றால் இதைச் செய்யுங்கள்.

பைத்தான் ஒரு கோப்பை ஏற்றும்போது, அது இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே பைகேஷ் என்ற ஃபோல்டரை உருவாக்கி (பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர்), அதில் பிஒய்சி கோப்பாக பைட்கோடைப் போட்டுவைக்கும். எழுத முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாது. பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறது.

சோதிக்க, நிரலை ஹைஃபன் வி போட்டு ஓட்டுங்கள். சின்ன எழுத்து வி. நிறைய வரி கொட்டும். உங்கள் கோப்பின் பெயர் வரும் இடத்தில் 'மேட்சஸ்' என்ற சொல் இருந்தால் சேமித்தது பயன்படுகிறது. 'ரோட்' என்று, அதாவது எழுதினேன் என்று இருந்தால் இப்போதுதான் எழுதியது. மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 'ரோட்' வந்தாலோ, 'குட் நாட் கிரியேட்' வந்தாலோ கீழே உள்ள ஏதோ ஒன்றுதான் காரணம்.

எழுதும் உரிமை இல்லாதது. அட்மின் கணக்கில் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் பைத்தானை நிறுவியிருப்பார்கள். மாணவர் கணக்குக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. அனுமதியைத் திறந்துவிடாதீர்கள். அட்மினாக ஒருமுறை நுழைந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்:

பைத்தான் -எம் கம்பைல்ஆல் -க்யூ -ஜே 0 "பைத்தான் நிறுவிய ஃபோல்டர்"

எம், க்யூ, ஜே மூன்றும் சின்ன எழுத்து. ஜே 0 என்றால் பிராசஸரின் எல்லா கோர்களையும் பயன்படுத்து என்று பொருள். ஃபோல்டர் பெயர் கொடுக்காவிட்டால் பைத்தான் தேடும் பாதையில் உள்ள ஃபோல்டர்களின் மேல்மட்டக் கோப்புகளை மட்டும் மாற்றும், உள்ஃபோல்டர்களுக்குள் இறங்காது. அதனால் பெயரை விடாதீர்கள்; கடைசியில் உங்கள் நிரல் ஃபோல்டரின் பெயரைக் கொடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். நடுவில் சில கோப்புகளில் இலக்கணப் பிழை என்று வரலாம். பழைய பைத்தானுக்கென்று பேக்கேஜ்களுக்குள் வைத்திருக்கும் கோப்புகளும் சோதனைக் கோப்புகளும் அப்படிக் காட்டும். உங்கள் கோப்பு அதில் இல்லையென்றால் விட்டுவிடலாம். விண்டோஸில் புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால், நிறுவியின் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் 'ப்ரீகம்பைல் ஸ்டாண்டர்ட் லைப்ரரி' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும் லேப். வைரஸுக்குப் பயந்து, அணைத்து எழுப்பினால் எல்லா மாற்றமும் அழியும்படி மென்பொருள் போட்டிருப்பார்கள். அங்கே தினமும் காலையில் பைகேஷும் காலி. அந்தப் பூட்டைத் திறந்த நிலையில் அட்மின் கம்பைல்ஆல் ஓட்டி, பிறகு பூட்ட வேண்டும். வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் பேக்கேஜைப் பயன்படுத்தும் லேப் என்றால், பூட்டும் முன் மாணவர் கணக்கில் நுழைந்து அதன் பைபிளாட் பகுதியையும் ஒருமுறை இம்போர்ட் செய்துவிடுங்கள். அது முதல்முறை எழுத்துருப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அந்தப் பயனரின் ஃபோல்டரில் வைக்கும். அது தினமும் அழிந்தால் தினமும் முதல் வகுப்பில் எல்லோரும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

யாரோ நிறுத்திவைத்தது. பைத்தான்டோன்ட்ரைட்பைட்கோடு என்ற என்விரான்மென்ட் வேரியபிள் (நிரல்கள் படிக்க சிஸ்டத்தில் பெயரிட்டு வைக்கும் அமைப்பு) இருக்கிறதா பாருங்கள். 'ஃபோல்டர் குப்பையாகிறது' என்று எங்கோ படித்துவிட்டுப் போட்டிருப்பார்கள். அதை நீக்குங்கள். ஷார்ட்கட்டில் ஹைஃபன் பி, பெரிய எழுத்து பி, இருந்தாலும் அதே விளைவுதான்.

படிக்க மட்டும் அனுமதி உள்ள நெட்வொர்க் ஃபோல்டர். நிரல் சர்வரில், ஓடுவது பத்து கம்ப்யூட்டரில் என்றால், பைத்தான்பைகேஷ்ப்ரிஃபிக்ஸ் என்ற வேரியபிளில் அந்தந்த கம்ப்யூட்டரின் உள்வட்டு ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள். 3.8 முதல் இது வேலை செய்யும். பைட்கோடு முழுக்க அங்கே சேரும். கவனியுங்கள்: இதைப் போட்ட பிறகு பழைய பைகேஷ் ஃபோல்டர்களை பைத்தான் பார்க்காது.

பென்டிரைவில் எடுத்துவந்த நகல். பிஒய்சி கோப்புக்குள் மூலக்கோப்பின் அளவும் கடைசியாக மாற்றிய நேரமும் பதிந்திருக்கும். இரண்டும் அச்சாகப் பொருந்தினால்தான் பைத்தான் அதை நம்பும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் நேரத்தை இரண்டிரண்டு வினாடியாகத்தான் பதியும். ஒற்றைப்படை வினாடியில் சேமித்த கோப்பு பென்டிரைவ் வழியாக வந்தால் அதன் நேரம் ஒரு வினாடி மாறிவிடும், கூடவே வந்த பிஒய்சி செல்லாததாகிவிடும். எழுத உரிமை இல்லாத கம்ப்யூட்டரில் அது அப்படியே நிற்கும். இரண்டு வழி: பென்டிரைவில் மூலக்கோப்பை மட்டும் கொண்டுவந்து, வந்த இடத்தில் கம்பைல்ஆல் ஓட்டுவது, அல்லது கம்பைல்ஆல் கட்டளையோடு இன்வேலிடேஷன்-மோடு என்ற தேர்வில் அன்செக்டு-ஹேஷ் கொடுப்பது. இரண்டாவது வழியில் நேரத்தை ஒப்பிடவே ஒப்பிடாது. ஆனால் மூலக்கோப்பைத் திருத்தினாலும் பழைய பைட்கோடே ஓடும். திருத்தியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். தினமும் கைவைக்கும் கோப்புகளுக்கு அது வேண்டாம். முதல் வழியே எனக்குப் பிடித்தது.

கரன்ட் போனால் என்ன ஆகும்? பைத்தான் பிஒய்சியைத் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே சரியான பெயருக்கு மாற்றுகிறது. அதனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனாலும் வட்டுக்குப் போய்ச் சேரும் முன் மின்சாரம் நின்றால் அரைகுறைக் கோப்பு தங்கக்கூடும். மறுநாள் 'மார்ஷல் டேட்டா டூ ஷார்ட்' என்று பிழை வந்தால் நிரலைச் சந்தேகிக்காதீர்கள். பைகேஷ் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அந்த ஃபோல்டரை அழிப்பதால் எதுவும் இழக்க மாட்டீர்கள், அடுத்த ஓட்டம் ஒன்று மெதுவாகும், அவ்வளவே.

யூவி என்ற புதிய நிறுவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிப் நிறுவும்போதே பைட்கோடாக மாற்றிவைக்கும்; யூவி வழக்கமாக அப்படிச் செய்யாது. கம்பைல்-பைட்கோடு என்ற தேர்வைச் சேர்த்துக் கொடுங்கள்.

5. தேடும் பாதையைச் சுருக்குங்கள்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி சத்துவாச்சாரியில் இருக்கும் வீட்டைத் தேடுகிறவர் முதலில் குடியாத்தம் போய், அங்கிருந்து ஆற்காடு போய், பிறகு சத்துவாச்சாரி வந்தால் எப்படி இருக்கும்? சிஸ்.பாத் பட்டியல், அதாவது பைத்தான் கோப்பைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், நீண்டால் இன்டர்பிரட்டர் அப்படித்தான் அலைகிறது. பட்டியலில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்க்கும். ஃபோல்டரின் உள்ளடக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றாலும், அது மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தேடலிலும் கேட்கும். உள்வட்டில் அந்தக் கேள்விக்கு ஆகும் நேரம் தெரியவே தெரியாது. நெட்வொர்க் டிரைவில், அதுவும் சுவர் தாண்டி வரும் வைஃபையில், ஒவ்வொரு கேள்வியும் சர்வர் வரை போய்வர வேண்டும்.

பைத்தான் -எம் சைட் என்று தட்டினால் பட்டியல் தெரியும். அதில் நெட்வொர்க் டிரைவ் எழுத்து, இல்லாத ஃபோல்டர், எப்போதோ நீக்கிய பழைய பைத்தானின் ஃபோல்டர் எது தென்பட்டாலும் பைத்தான்பாத் வேரியபிளில் இருந்து எடுத்துவிடுங்கள். பேக்கேஜ்கள் நிறுவப்படும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் பிடிஎச் என்று முடியும் கோப்புகளையும் பாருங்கள். அவற்றில் 'இம்போர்ட்' என்று தொடங்கும் வரி, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பைத்தான் எழும் ஒவ்வொரு முறையும் ஓடும்.

ஒவ்வொரு நிரலுக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்த நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்கள் மட்டும் உள்ள தனி ஃபோல்டர்) வைப்பதே சுத்தமான வழி. அதை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்காதீர்கள். அந்த ஃபோல்டர்கள் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், இடம் மிச்சப்படுத்த கோப்பை மேகத்தில் மட்டும் வைத்துவிட்டு, கேட்கும்போது இறக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள ஃபோல்டருக்கு அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. சி டிரைவின் மேல்மட்டத்தில் குறுகிய பெயரோடு ஒரு ஃபோல்டர் போதும்.

6. தேவைப்படும்போது மட்டும் ஏற்றுங்கள்

2-ஆம் படியில் எழுதிவைத்த ஐந்து பெயரை இப்போது எடுங்கள்.

நிரலின் முதல் திரையில் பில் போடுவதும் ஸ்டாக் பார்ப்பதும்தான் வேலை. மாதக் கடைசியில் மட்டும் வரைபடம் வேண்டும் என்றால், மேட்பிளாட்லிப் இம்போர்ட்டைக் கோப்பின் தலையிலிருந்து எடுத்து, வரைபடம் போடும் ஃபங்ஷனின் முதல் வரியாக வையுங்கள். அந்த பட்டனை அழுத்துகிறவர் மட்டும் காத்திருப்பார். பாண்டாஸும் அப்படியே. நூறு வரி சிஎஸ்வி கோப்பைப் படித்து சதுர அடியைக் கூட்டுவதற்கு பாண்டாஸ் எதற்கு? பைத்தானோடு வரும் சிஎஸ்வி போதும். எக்ஸெல் என்றால் ஓபன்பைஎக்ஸெல்லை நேரடியாகப் பயன்படுத்தலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. தலையில் இருக்கும் இம்போர்ட் உடைந்திருந்தால் நிரல் திறக்கும்போதே தெரிந்துவிடும். ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைத்தால், 31-ஆம் தேதி சாயங்காலம் கணக்கு முடிக்கும் நேரத்தில் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வரும். அதனால் எல்லா இம்போர்ட்டையும் ஒருமுறை செய்துபார்க்கும் சோதனைக் கோப்பு ஒன்று தனியே வைத்து, எதை நிறுவினாலும் நீக்கினாலும் அதை ஓட்டிப் பாருங்கள்.

பேட்ச் கோப்பில் சுழற்சி போட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் பைத்தானைத் தனித்தனியாகக் கூப்பிடும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். 200 பில்லுக்கு இன்டர்பிரட்டர் 200 முறை எழுந்து, எல்லா இம்போர்ட்டையும் 200 முறை செய்கிறது. ஏற்ற இரண்டு வினாடி என்றால் அதுவே 400 வினாடி, ஆறரை நிமிடத்துக்கு மேல். ஃபோல்டரின் பெயரை ஒருமுறை கொடுத்து, சுழற்சியை நிரலுக்குள் வைத்தால் அந்த இரண்டு வினாடி ஒரே ஒருமுறைதான்.

பைஇன்ஸ்டாலர் என்ற கருவி கொண்டு நிரலை டபுள் கிளிக்கில் ஓடும் இஎக்ஸ்இ ஆக்கியவர்கள், 'ஒன்ஃபைல்' தேர்வில் ஆக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பார்க்க ஒரே கோப்பு, அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதை எல்லாம் டெம்ப் ஃபோல்டரில் விரித்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கும். மூடினால் அதை அழித்துவிடும். மறுமுறை மறுபடி விரிக்கும், ஆன்டிவைரஸும் மறுபடி சோதிக்கும். 'ஒன்டிர்' தேர்வில் ஃபோல்டராக ஆக்கி, ஷார்ட்கட் ஒன்றை டெஸ்க்டாப்பில் வையுங்கள். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது.

7. ஆன்டிவைரஸ்

ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் நடுவில் நின்று பார்க்கிறது. பெரிய ஒரு கோப்புக்கு அது தெரியாது. பாண்டாஸ் போல நூற்றுக்கணக்கான கோப்பை இழுக்கும் பேக்கேஜில் தெரியும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்', கீழே இறங்கி 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று போய், உங்கள் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர் ஒன்றை மட்டும் விலக்குங்கள்.

சி டிரைவ் முழுவதையும் விலக்காதீர்கள். டவுன்லோட்ஸையும் வேண்டாம். பைத்தான் இஎக்ஸ்இயைப் பிராசஸாக விலக்கச் சொல்லும் அறிவுரையும் கண்ணில் படும். அப்படிச் செய்தால் பைத்தான் திறக்கும் எந்தக் கோப்பும், கெட்ட கோப்பு உட்பட, நேரடிச் சோதனையிலிருந்து தப்பிவிடும். பல பேர் பென்டிரைவ் செருகும் லேபில் இந்தப் படியையே விட்டுவிடுங்கள். கிடைக்கும் சில வினாடிக்காக எடுக்கத் தகுந்த ஆபத்து இல்லை அது.

8. வட்டை மாற்றுவது

இவ்வளவுக்குப் பிறகும் ரீஸ்டார்ட் செய்தவுடன் வரும் முதல் ஓட்டம் மட்டும் மெதுவாக இருந்தால் வட்டுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க் 7200 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி செகண்ட். ஊசி நகரும் நேரமும் சேர்ந்தால் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். ஆயிரம் சின்னக் கோப்பு என்றால் பத்து வினாடி. பழைய லேப்டாப்பின் 5400 ஆர்பிஎம் வட்டில் இன்னும் கூடும். எஸ்எஸ்டியில் சுற்றவோ நகரவோ எதுவும் இல்லை என்பதால் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடும்.

வாங்கும் முன், உங்கள் போர்டில் எம்.2 இடம் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) இருக்கிறதா, கேபிளில் வட்டை இணைக்கும் சாட்டா மட்டும்தானா என்று திறந்து பாருங்கள். எம்.2 இடம் இருந்தாலும் சில போர்டு அதில் சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில போர்டு என்விஎம்இ என்ற இன்னொரு வகையை மட்டும் ஏற்கும். போர்டின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில்லும், அதில் எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணும் கட்டாயம் கேளுங்கள். வாரன்டிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். கம்ப்யூட்டரே வாரன்டியில் இருந்தால், நீங்கள் திறந்தால் அது ரத்தாகுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத் திறக்கவும். பழைய வட்டை அப்படியே நகலெடுப்பது சாட்டா கேபிளில் சில மணி நேரம் பிடிக்கலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள், உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் தொடங்கவே வேண்டாம். பழைய வட்டை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

9. பைத்தான் பதிப்பு

3.11-இல் இன்டர்பிரட்டர் எழும் நேரம் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. எழுவதற்குத் தேவையான அடிப்படைக் கோப்புகளை வட்டில் தேடாமல் இன்டர்பிரட்டருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சின்னச் சின்ன நிரல்களை நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு அது உதவும். பாண்டாஸ் ஏற்ற ஐந்து வினாடி ஆகிறவருக்கு அதனால் பெரிய மாற்றம் தெரியாது. ஆகவே இதைக் கடைசியில் வைத்தேன்.

மாற்றும்போது பழையதை நீக்காமல், புதியதைப் பக்கத்தில் நிறுவி, புதிய விர்ச்சுவல் என்விரான்மென்டில் பிப் ஃப்ரீஸ் பட்டியலை ஏற்றிப் பாருங்கள். ஒரு பதிப்பின் பைட்கோடு இன்னொரு பதிப்புக்குச் செல்லாது. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் குழப்பமும் வராது, ஆனால் கம்பைல்ஆல் மறுபடி ஓட்ட வேண்டும். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கம்ப்யூட்டரில் 3.8-க்கு மேல் ஏறாது. அங்கே முதல் ஆறு படிகளை ஒழுங்காகச் செய்து, முடிந்தால் எஸ்எஸ்டி மாற்றிக்கொள்ளுங்கள். பதிப்புக்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.